மகன் பேசாத கேசட்

சனிக்கிழமை காலை பதினொன்று பத்துக்குத் தபால்காரர் அந்தப் பொதியைக் கொண்டுவந்து கொடுத்தார். பன்னிரண்டு மணிக்கு என் கணவர் ஃபெக்டரியிலிருந்து சாப்பிட வந்துவிடுவார் என்று நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சமைத்துக்கொண்டிருந்தேன். அதனால் நேரம் மனதில் நின்றுவிட்டது.

"டீச்சர், மகன் கேசட்டு வந்துருச்சு. இந்தத் தடவ ஸ்டாம்பு ரொம்ப ஒட்டியிருக்கான், வேல பெருசாயிருச்சு போல" என்று தபால்காரர் சிரித்தார்.

நான் விலாசத்தைப் பார்த்தேன். பெரிய ஆங்கில எழுத்துகள், எல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தன.

"இது அவன் கையெழுத்து இல்லியே."

"ஆபீஸ்ல யாராச்சும் எழுதிக் குடுத்திருப்பாங்க டீச்சர். அதுக்கு ஏன் மொகம் இப்படிப் போவுது?"

மகனுக்கு எழுதப் பழக்கியது நான். கொட்டகலைப் பாடசாலையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்திருக்கிறேன். ஆனால் என் எழுத்தை அப்படியே வாங்கிக்கொண்டவன் அவன் ஒருவன்தான். துபாயிலிருந்து வந்த ஒவ்வொரு பொதியின் மேலும் என் கையெழுத்தில் என் விலாசம் இருக்கும். எனக்கு நானே அனுப்பிக்கொண்டதுபோல இருக்கும். இந்தப் பொதியைப் பிரித்தேன். ஒரு கேசட் இருந்தது. அதன்மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. கடிதமும் இல்லை. உறையைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன்.

அவன் போய் அப்போது இரண்டு வருடம். மரச்சாமான் செய்யும் பட்டறையில் வேலை. என் கணவர் எங்கள் தோட்டத்து டீமேக்கர். தேயிலை அரைக்கும் ரோலரையும் காய வைக்கும் டிரையரையும் ஓட்டுகிறவர். மிஷின் என்றால் பயப்படாத கை மகனுக்கு அவரிடமிருந்து வந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தவன், அந்தக் கையை நம்பித்தான் போனான்.

போனபின் மாதம் ஒரு கேசட் வரும். கடிதத்தைவிட அதுதான் அப்போது வழக்கம். தோட்டத்திலிருந்து வெளிநாடு போன எல்லாருமே பேசித்தான் அனுப்பினார்கள். மகன் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் பேசுவான். என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு எழுந்தான், அறையில் இருக்கும் ஆறு பேரில் யாருக்குக் காய்ச்சல் என்று சொல்வான். மீதி நாடாவை வெறுமையாக அனுப்ப அவனுக்கு மனம் வராது. டேப் ரெக்கோடர் அறையிலிருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரனுடையது. அவனுக்கு வெள்ளைக்காரப் பாட்டுக் குழு ஒன்றின்மேல் பைத்தியம். ஆகவே மீதி இடத்தில் அந்தக் குழு பாடும்.

முதல் கேசட்டில் மகன், "சரிம்மா, வைக்கிறேன்" என்று போனில் பேசியவனைப்போல முடித்தான். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வந்ததற்கு எனக்கு வார்த்தை தெரியவில்லை. என் கணவர் கதிரையிலிருந்து எழுந்து வாசல்வரை ஓடிவிட்டார். டிரையர் பெல்ட் அறுந்துவிட்டது என்று நினைத்தாராம்.

"இதுக்குப் பேரு பாட்டா?" என்றார் திரும்பி வந்து.

"நிப்பாட்டுங்க" என்றேன் நான்.

நிறுத்திவிட்டோம். இரண்டாவது கேசட்டிலும் அப்படித்தான். மூன்றாவதில் நிறுத்த மறந்துவிட்டோம். நான் குசினியில் இருந்தேன். இரண்டு பாட்டு முடிந்த இடத்தில் திடீரென்று மகன் பேசினான். "அம்மா, சொல்ல மறந்துட்டேன். பல்லு வலி சரியாயிருச்சு. கராம்பு வெச்சேன்." அவ்வளவுதான். மறுபடியும் இடி தொடங்கியது. கையில் மாவோடு வந்து நான் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பழைய இரண்டையும் எடுத்துக் கடைசிவரை போட்டுக் கேட்டோம். ஒன்றுமில்லை. ஆனாலும் அன்றிலிருந்து எந்தக் கேசட்டையும் பாதியில் நிறுத்தியதில்லை. எந்தப் பாட்டுக்குப் பிறகு அவன் வருவானோ, யாருக்குத் தெரியும்? இரண்டு வருடத்தில் மொத்தம் மூன்று முறை அப்படிப் பாட்டுக்கு நடுவில் வந்தான். அந்த மூன்று முறைக்காக அந்தக் குழுவை நாங்கள் முழுக்கக் கேட்டோம். பாட்டுக்காரன் கேத்தல் கொதித்து விசிலடிப்பதுபோல உச்சியில் நின்று கத்துவான். கிட்டார்க்காரன் யாரோ துரத்தி வருவதுபோல ஓடுவான். எல்லாப் பாட்டிலும் கார் இருக்கும், பெண் இருக்கும், இரண்டும் வேகமாக இருக்கும். வகுப்பில் விளக்க முடியாத ஆங்கிலம். ஆனால் மகனின் குரல் முடியும் இடத்தில் அவர்கள் தொடங்குவதால், அவர்களைக் கேட்கும்போதெல்லாம் அவன் இப்போதுதான் அறையைவிட்டு வெளியே போனான் என்று இருக்கும். அவன் செருப்புச் சத்தம் இன்னும் அடங்காததுபோல.

ஒரு முறை அந்தக் குழுவின் படத்தை ஏதோ புத்தகத்திலிருந்து வெட்டி அனுப்பியிருந்தான். நாலு பேர். தோளுக்குக் கீழே சுருள்முடி, சிவந்த உதடு, கண்ணுக்கு மை, பளபளக்கும் இறுக்கமான உடுப்பு. அதை மேசையில் வைத்திருந்தேன். எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வீட்டு அக்கா வந்தவர் அதைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"நாலு பேருமே நல்லாத்தான் இருக்காளுங்க. இதுல எது நம்ம மருமக?"

"மருமகளா? அது பாட்டுக்காரங்கக்கா."

"பாடினா என்ன, மனுசி தானே. இந்த மஞ்ச முடிக்காரிக்கு மூக்குக் கொஞ்சம் பெருசு. மத்தபடி லெச்சணம்."

உண்மையைச் சொல்லவேண்டுமென்றால் அந்த நிமிடம்வரை நானும் அவர்களைப் பெண்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பாட்டுக்காரனின் உச்சக் குரலும் அதற்குப் பொருந்தியது. வாரம் முடிவதற்குள், டீச்சர் மகன் வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டான் என்று லய வீடுகள் முழுக்கப் பேச்சு. பயந்துபோய் மகனுக்கு எழுதிக் கேட்டேன். அடுத்த கேசட்டில் அவன் பேசத் தொடங்கவே இல்லை, சிரித்தான். பிலிப்பைன்ஸ்காரனுக்கு விளக்கினான் போல, அவனும் சேர்ந்து சிரித்தான். "அம்மா, அவங்க ஆம்பளைங்கம்மா! எல்லாருக்கும் பொண்டாட்டி இருக்கு!" அந்தச் சிரிப்பை எத்தனை முறை திருப்பித் திருப்பிப் போட்டேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது. நாடா அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து, சிரிப்பு தண்ணீருக்குள் கேட்பதுபோல ஆகிவிட்டது.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கேசட்டை என் கணவர் வந்தபின் சேர்ந்து கேட்பதுதான் எங்கள் வழக்கம். அன்று என்னால் காத்திருக்க முடியவில்லை. போட்டேன்.

மகன் பேசவில்லை. முதலிலேயே பாட்டுத்தான். அதுவும் முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். மரக் கிட்டார் ஒன்று தனியாக, அவசரமில்லாமல், விரலால் மீட்டுகிற சத்தம். பிறகு ஒரு மவுத் ஓர்கன். அதன்பின் ஒரு ஆண், நெஞ்சிலிருந்து, தாழ்ந்த குரலில் பாடினான். இரண்டாவது வரியில் ஒரு சொல்லை இழுத்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. அவனேதான். இரண்டு வருடம் என் வீட்டில் கத்தியவன். கத்துவதை விட்டிருந்தான்.

என் கணவர் வந்தபோது முதல் பக்கம் முடிந்திருந்தது. சோறு போடவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாவது பக்கத்தைப் போட்டோம். ஒவ்வொரு பாட்டு முடிந்து வரும் இடைவெளியிலும் இருவரும் மூச்சை அடக்கினோம். ஒன்றுமில்லை. கடைசிப் பாட்டுக்குப் பிறகும் வெறும் நாடா ஓடியது. அதையும் கேட்டோம்.

நான் வார்த்தையைக் கேட்கிறவள். அவர் சத்தத்தைக் கேட்கிறவர். ஃபெக்டரி வாசலில் நின்றே எந்த ரோலரில் கோளாறு என்று சொல்லிவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆளுங்க அதே ஆளுங்கதான்" என்றார். "டிரம் அடிக்கிறவன் அதே கைதான். ஆனா லோடக் கொறச்சிருக்காங்க. பாதி மிஷின நிப்பாட்டிட்டு ஓட்டுற மாதிரி."

"ஏன் அப்படி ஓட்டுவாங்க?"

"எங்கயாச்சும் வெடிப்பு இருந்தா ஓட்டுவோம்."

அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னவுடன் அவருக்கே தெரிந்தது. "நான் மிஷினச் சொன்னேன் டீச்சரம்மா" என்று கேலியாக முடிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அடுத்த நாளே இரண்டு கடிதம் எழுதினேன், ஒன்று மகனுக்கு, ஒன்று கம்பெனிக்கு. பதில் வரவில்லை. அந்த மாதங்களில் நாட்டு நிலைமை வேறு சரியில்லை. ஒரு நாள் பஸ் ஓடும், இரண்டு நாள் ஓடாது. கடைகளை மூடச் சொல்லிச் சுவரில் காகிதம் ஒட்டியிருக்கும். கடிதம் எங்கே கிடக்கிறதோ என்று சொல்லிச் சொல்லியே நாட்களை ஓட்டினோம்.

இடையில் நான் செய்த காரியத்தை வெளியே யாருக்கும் சொன்னதில்லை. ஒரு நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி எடுத்து, அந்தக் கேசட்டிலிருந்த பத்துப் பாட்டையும் சொல்வதெழுதலாக எழுதத் தொடங்கினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, மாலைத் தேத்தண்ணிக்குப் பிறகு, ஒரு வரி போடுவேன், நிறுத்துவேன், எழுதுவேன். விளங்காத இடத்தில் கோடு. மகன் பேசாமல் அனுப்பியிருக்கிறான் என்றால், பேச முடியாததை இந்தப் பாட்டுகளில் வைத்து அனுப்பியிருக்கிறான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வேண்டுமென்றே வேகமான பாட்டுகளை விலக்கி, இவற்றைப் பொறுக்கியிருக்கிறான். காரும் பெண்ணும் எங்கேயும் இல்லை. மழையில் மூடிக் கிடக்கும் ஒரு கடைத்தெருவைப் பற்றி ஒரு பாட்டு. அண்ணனுக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருக்கும் கடிதத்தைப் பற்றி ஒன்று. ஒன்றில் ஒருவன் ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு திரும்புவதா போவதா என்று கேட்கிறான். அந்தப் பாட்டின் கடைசி வரி எனக்குப் பிடிபடவே இல்லை. எத்தனை நாள் அந்த ஒரு வரிக்காக உட்கார்ந்தேன். அவன் திரும்பினானா, இல்லையா?

"நாடா அந்து போகப் போவுது" என்பார் என் கணவர். ஆனால் நான் எழுதும்போது அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள், "அந்த மவுத் ஓர்கன் ஊதுறவன் புதுசு. மூச்சு பத்தல அவனுக்கு" என்றார். எங்களுக்குள் வேறு பேச்சே இல்லாத நாட்கள் அவை.

ஆறாவது வாரம் பஸ் ஓடிய ஒரு நாளில் ஹட்டனுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே படி ஏறினால் ஒரு ரெக்கோடிங் பார். கேசட் பதிந்து கொடுக்கும் கடை. கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். சேலையும் குடையுமாக நான் நுழைந்ததும் எழுந்து நின்றார்.

"பக்திப் பாட்டா டீச்சர்? உக்காருங்க."

குழுவின் பெயரைச் சொன்னேன். அவர் என்னைக் குடையிலிருந்து கொண்டைவரை பார்த்தார்.

"டீச்சருக்கு இவங்களத் தெரியுமா?"

"ரெண்டு வருசமாத் தெரியும். முன்ன டிரம் அடிச்சவர்தானே இப்பவும் அடிக்கிறார்?" இது என் கணவர் கேட்டுவரச் சொன்னது.

"அவருதான் டீச்சர்" என்றார் கடைக்காரர், குரல் மாறி, மரியாதை கூடி.

கைப்பையிலிருந்து கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். அரைப் பாட்டு ஓடியதும் தலையாட்டினார். மேசைக்கடியிலிருந்து படம் போட்ட ஒரு கேசட் அட்டையை எடுத்து முன்னால் வைத்தார். ஒரு வீட்டு மரப்படியில் நாலு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பருத்திச் சட்டை. மையுமில்லை, சாயமுமில்லை. ஒருவருக்கு நெற்றி ஏறத் தொடங்கியிருந்தது. லீவு நாளில் வீட்டிலிருக்கும் எங்கள் பாடசாலை மாஸ்டர்மாரைப்போல இருந்தார்கள்.

"இதுதான் இவங்க புதுசு. இப்பத்தான் கொழும்புக்கு வந்துருக்கு. எல்லாரும் திட்டுறாங்க டீச்சர். பொண்டாட்டிமார் சத்தம் போட்டிருப்பாங்கன்னு நெனைக்கிறேன்."

"இதே பத்துப் பாட்டா? இதே வரிசையா?"

இரண்டு பக்கத்தையும் அங்கங்கே ஓட்டிப் பார்த்தார். "இதே வரிசதான்."

"யாராவது தன் இஷ்டத்துக்குப் பொறுக்கி, மெதுவான பாட்டா மட்டும் சேர்த்துப் பதிஞ்சிருக்க முடியாதா?"

"எதுக்கு டீச்சர் பொறுக்கணும்? மொத்தமே மெதுவான பாட்டுத்தான். உலகம் முழுக்க இப்படித்தான் வித்துருக்கு."

நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். நிம்மதி வந்திருக்க வேண்டும். வெடிப்பு அவர்களுக்குத்தான், எங்கோ தூரத்து வெள்ளைக்காரர் நாலு பேருக்கு. என் மகனுக்கு இல்லை. ஆனால் பஸ்ஸுக்காக நிற்கும்போது கொப்பிதான் நினைவுக்கு வந்தது. ஆறு வாரமாக அந்தக் கொப்பியில் என் மகன் என்னோடு பேசிக்கொண்டிருந்தான். இப்போது அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று ஆகிவிட்டது. அந்தப் பாலத்தில் நிற்பவன் யாரோ. மழைக் கடைத்தெரு யாருடையதோ. கெட்ட செய்தியாக இருந்தாலும் அவனிடமிருந்து வந்தது என்று நம்பியிருந்தது எவ்வளவு பெரிய துணை என்று அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் கேட்டுவிட்டு, "சரி, டிரம் ஆளு அவன்தானே?" என்றார்.

"அவர்தான்."

"நான் சொன்னேன்ல" என்றவர், ஃபெக்டரிக்குப் போகும் நேரமில்லாத நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு ஃபெக்டரிக்குப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் கேசட்டைத் தொடவில்லை. பழைய கேசட்டுகளையும் தொடவில்லை. வீட்டில் சத்தம் இல்லாமல் போனதை டிஸ்பென்சர் வீட்டு அக்கா கவனித்து, "என்னா, மருமகமாரு பாடுறதே இல்ல?" என்று வேலியோரம் நின்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு, கேட்பதற்கு அவர் ஒருவராவது இருக்கிறாரே என்று இருந்தது.

அடுத்த ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, நல்ல மழையில், கதவைத் தட்டினார்கள். வெளியே ஒரு வாலிபன். இருபத்தைந்து வயதிருக்கும். முடி காதுக்குக் கீழே வந்து நனைந்து ஒட்டியிருந்தது. கையில் வெளிநாட்டுப் பை.

"டீச்சர் வீடு இதுதானுங்களா? எனக்கு ஊரு கந்தப்பளைங்க. துபாய்ல இருந்து லீவுல வந்துருக்கேன். ஒங்க மகனோட ரூம்ல இருக்கேன்."

என் கணவர்தான் பின்னாலிருந்து கேட்டார்.

"அவன் இருக்கானா?"

எட்டு வாரமாக எங்கள் இருவரில் யாரும் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டிருக்கவில்லை.

"இருக்காரு ஐயா. இருக்காரு. நீங்க ரெண்டு பேரும் மொதல்ல உக்காருங்க" என்றான் அவன், எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு.

உட்கார்ந்தோம். அவன் ஈரத்தோடு கதிரையில் உட்காரத் தயங்கி நின்றே சொன்னான். மரம் சீவும் மிஷின். வலது கை. சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் போய்விட்டன.

"மிஷின் மூடி கழட்டியிருந்துச்சா?" என்றார் என் கணவர்.

"கழட்டித்தான் ஐயா வேல வாங்குறாங்க."

அவர் தன் கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"எழுத முடியல" என்றான் அவன் என்னைப் பார்த்து. "சரி பேசுங்கன்னு ரெக்கோடர எடுத்துக் குடுத்தேன். நாலு தடவ குடுத்தேன் டீச்சர். பட்டன அமுக்கி 'அம்மா'ன்னு சொல்லுவாரு, நிப்பாட்டிருவாரு. கையப் பத்திச் சொல்லாம வேற என்னா பேசுறதுன்னு தெரியலன்னாரு. மாசம் தவறுனா நீங்க பயந்துருவீங்கன்னு நாந்தான் பாட்டப் புடிச்சு அனுப்புனேன். விலாசமும் நாந்தான் எழுதுனேன்."

கொப்பி அலுமாரியில் இருந்தது. அதை நான் எடுத்துக் காட்டவில்லை.

"அந்தப் பாட்டு எதுக்குத் தம்பி?"

"அதுதான் ரூம்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு டீச்சர். எனக்கு அது புடிக்காது. இவங்க போயி இப்படி சர்ச்சுப் பாட்டு மாதிரி பாடுவாங்கன்னு யாரு கண்டா? ஒங்க மகன் ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுக்கு அப்புறம் பழசு ஒண்ணையும் போட விடல. மிஷின் சத்தம் மாதிரி இருக்குன்னாரு. இத மட்டுந்தான் கேப்பாரு. காலையில இருந்து இதேதான்."

தேத்தண்ணி குடித்தான். பையிலிருந்து மகன் கொடுத்தனுப்பிய ஒரு வாசனைச் சவர்க்காரப் பெட்டியையும் அப்பாவுக்கு ஒரு சட்டையையும் எடுத்து வைத்தான். எப்போது வருவான் என்று கேட்டேன். கம்பெனி வைத்திருக்கும் பாஸ்போட் கையில் கிடைத்ததும், அநேகமாக வரும் மாதம் என்றான். இருட்டுவதற்குள் கந்தப்பளைக்குப் போகவேண்டும் என்று எழுந்து, வாசலில் செருப்பை மாட்டியவன் நின்றான்.

"ஒண்ணு சொல்லச் சொன்னாரு டீச்சர். நீங்க ரெண்டு பேரும் ரயில் ஸ்டேசனுக்கு வருவீங்கன்னு தெரியுமாம். வரட்டும்னாரு. ஆனா அங்க வெச்சுக் கையப் பாக்க வேணாமாம், எல்லாரும் நிப்பாங்களாம். வீட்டுக்கு வந்து, கதவச் சாத்திட்டு, மெதுவாப் பாத்துக்கலாம்னாரு."